என் வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்

சீனாவில் ஆஃப்ரோடு மோட்டார் சைக்கிள் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் நிறுவனங்களின் ஏற்றுமதிப் பிரிவினருக்கும், அவற்றை ஆஸ்திரேலியாவில் இறக்கி விற்கும் இறக்குமதியாளர்களுக்கும் வணக்கம்.

2024 அக்டோபரில் உங்கள் வண்டி ஒன்றுக்கு ஆயிரம் டாலர் முன்பணம் கட்டினேன். இப்போது 2025 அக்டோபர். வண்டி வரவில்லை. எந்த வண்டி, எந்தக் கடை என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கடையை இழுத்து நடுத்தெருவில் நிறுத்துவது என் நோக்கமில்லை. மெல்பர்னில் எனக்குத் தெரிந்த நான்கு பேர், வேறு வேறு நிறுவனங்களின் வண்டிகளுக்காக, இதே மாதிரி காத்துக் கிடந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதை மின்னஞ்சலில் பலமுறை எழுதிவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவது, அடுத்து முன்பணம் கட்டப்போகும் நம்மவர்களும் படிக்கட்டும் என்பதற்காக.

கட்டிய அன்று "பிப்ரவரியில் வந்துவிடும்" என்றார்கள். பிப்ரவரியில் கேட்டபோது, சீனப் புத்தாண்டு, தொழிற்சாலை மூடியிருக்கிறது என்றார்கள். ஏப்ரலில், வண்டி கடலில் வருகிறது என்றார்கள். மே மாத இறுதியில், கப்பலில் வந்தது வேறு மாடல், உங்களுடையது அடுத்த தவணையாக வரும் வண்டிகளில் என்றார்கள். அதன் பிறகு தேதியே இல்லை. "விரைவில்" என்ற ஒரு சொல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. கவுண்டரில் நிற்கும் அந்தத் தம்பி மீது எனக்கு வருத்தமில்லை. "அண்ணா, எனக்கு மேலே இருப்பவர்கள் சொல்வதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்" என்றான், பஞ்சாபிப் பையன், என்னை அண்ணா என்றே கூப்பிடுவான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அவனுக்கும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

உங்களுக்கு ஒரு வருடம் என்பது ஒரு வருடம்தான். இந்த நாட்டில் காட்டுப்பாதையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது அப்படியில்லை. இங்கே நிலத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. விக்டோரியாவின் மலைப்பகுதியில் பல மண்பாதைகளை ஜூன் மாத மன்னர் பிறந்தநாள் விடுமுறைக்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். மழையும் பனியும் முடிந்து அக்டோபர் கடைசியில்தான் அவை திறக்கும். நாட்டின் நடுவில் இருக்கும் சிம்ப்சன் பாலைவனம் இதற்கு நேர் எதிர். தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பூங்காவையே மூடிவிடுகிறார்கள், அந்த வெயிலில் மாட்டிக்கொண்டால் ஆள் பிழைப்பது அரிது. ஆக, மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்மாதங்கள்தான் பாலைவனத்துக்கு. நீங்கள் பிப்ரவரியை ஜூலைக்குத் தள்ளினால் எனக்கு ஐந்து மாதம் தள்ளிப்போவதில்லை. ஒரு பருவமே போய்விடுகிறது.

போனது. இந்த ஜூலையில் நாங்கள் மூன்று பேர் சிம்ப்சனைக் குறுக்கே கடப்பதாகத் திட்டம். இரண்டு வருடமாகப் பேசிவைத்தது. உங்கள் வண்டி வரும் என்று நம்பி, பதினொரு வருடம் என்னோடு உழைத்த பழைய வண்டியை ஜனவரியிலேயே விற்றுவிட்டேன். நண்பர்களின் விடுமுறை என்னால் தள்ளிப்போகக் கூடாது, போய்விட்டு வாருங்கள் என்று சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை. "நீ ஜீப்பில் தண்ணியும் பெட்ரோலும் ஏத்திக்கிட்டு வா" என்றார்கள். அப்படித்தான் போனேன். பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் மவுண்ட் டேரில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள். அவர்கள் ஒவ்வொரு மேட்டிலும் எழுந்து நின்று ஓட்டி உச்சியில் ஒரு நொடி மறைந்து போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். கடைசியில், கிழக்கு ஓரத்து ஊரான பேர்ட்ஸ்வில்லுக்கு முன்னால் பிக் ரெட், சுமார் 40 மீட்டர் உயரச் செம்மணல் மேடு. நண்பர்களில் சின்னவன் நான்காவது முயற்சியில் ஏறினான். நான் கீழே தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்காக மனதாரச் சந்தோஷப்பட்டேன். அன்று இரவு கூடாரத்தில் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா எழுபதுகளில் திருச்சியில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஏழு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் முன்பணம் போட்டு, அந்தப் பாஸ்புக்கை ஈடாக வைத்துப் பதிவு செய்கிற காலம் அது. உற்பத்திக்கு அரசு வரம்பு கட்டியிருந்த நாட்கள். அந்தக் காத்திருப்பை அம்மா இன்றைக்கும் ஒரு கதையாகச் சொல்வாள். ஆனால் அப்பாவிடம் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் ஒரு வரிசை எண். மாதம் ஒருமுறை சைக்கிளில் டீலர் கடைக்குப் போவார். அங்கே பதிவேடு இருக்கும், எத்தனையாவது எண் வரை வண்டி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவார். "இன்னும் நானூத்திச் சொச்சம்" என்று வீட்டில் வந்து சொல்வார். ஏழு வருடமும் தான் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. ஐம்பது வருடம் கழித்து, கையில் செயற்கைக்கோள் வழிகாட்டி வைத்திருக்கும் அவர் மகனுக்கு அது தெரியவில்லை.

என் வண்டி கடக்க வேண்டிய தூரம் எனக்குப் புரியாமலில்லை. வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். சீனாவின் மோட்டார் சைக்கிள் தொழிலுக்குத் தலைநகர் என்றால் அது சோங்சிங். சோங்ஷென், லோன்சின், லிஃபான், கோவே என்ற நிறுவனங்கள் எல்லாம் அங்கேதான். அது கடலோர ஊரில்லை, நாட்டின் உள்ளே, யாங்சி ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து கன்டெய்னர் படகில் ஏறினால், ஷாங்காய் துறைமுகத்துக்கு ஆற்றுவழியாக 2,000 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் மூன்று பள்ளத்தாக்கு அணை. அங்கே நீர்மட்டத்தைக் குறைத்துப் படகை இறக்கும் ஐந்து அடுக்குப் பூட்டுவாய்களில் படிப்படியாக இறங்க வேண்டும், நெரிசல் வந்தால் படகுகள் நாட்கணக்கில் வரிசையில் நிற்கும். ஐரோப்பாவுக்கு என்றால் 2011 முதல் சோங்சிங்கிலிருந்து ஜெர்மனியின் டூயிஸ்பர்க் வரை சரக்கு ரயில் இருக்கிறது. எங்களுக்கு ரயில் இல்லை, ஷாங்காயிலிருந்து இன்னும் மூன்று நான்கு வாரம் கடல்தான். சிஎஃப்மோட்டோ போல ஹாங்சோவில் இருப்பவர்களுக்குத் துறைமுகம் பக்கம்.

வண்டியை அப்படியே ஏற்றிவிட முடியாது என்பதும் தெரியும். முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றி, இரும்புச் சட்டகத்தில் பூட்டி, அட்டைப்பெட்டி மூட வேண்டும். எஞ்சினும் பேட்டரியும் உள்ள பொருள் என்பதால் கப்பல் விதிகளில் அது ஆபத்துச் சரக்கு வகையில் வருகிறது, அதற்கான காகிதங்கள் தனி. இங்கே வந்து இறங்கிய பிறகும், ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகளின்படி அந்த மாடலுக்கு ஒப்புதல் இருக்க வேண்டும். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒவ்வொரு வண்டியும் அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத வண்டி சாலைக்கு வர முடியாது. இதில் எந்தப் படியிலும் தாமதம் வரலாம். வந்தால் உங்களைத் திட்டமாட்டேன்.

மற்ற நாடுகளில் காத்திருப்பவர்கள் பட்ட பாடும் தெரியும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததும், ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சரக்கெல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போனது. அமெரிக்காவில் இந்த ஏப்ரலில் சீனப் பொருட்களின் மீதான வரி 145 விழுக்காட்டுக்கு ஏறி, மே மாதத்தில் 30 ஆகக் குறைக்கப்பட்டது. முன்பணம் கட்டியவருக்கு வண்டி எப்போது வரும் என்பதோடு, என்ன விலைக்கு வரும் என்பதும் தெரியாமல் போனது. ஆஸ்திரேலியாவுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. எங்கள் வழியில் செங்கடல் இல்லை. 2015 டிசம்பர் முதல் சீனாவோடு தடையற்ற வணிக ஒப்பந்தமும் இருக்கிறது. அப்படியிருந்தும் நாங்கள் இருட்டில் நிற்கிறோம் என்றால், காரணம் கடலில் இல்லை.

இவ்வளவு காத்திருந்து உங்கள் வண்டிதான் வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்பது உங்கள் ஏற்றுமதிப் பிரிவுக்கே முழுதாகத் தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

பாலைவனத்துக்குப் போகிறவனுக்கு இரண்டு தேவை: எடை குறைவு, டேங்க் பெரிசு. மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஒரு சொட்டு பெட்ரோல் வாங்க முடியாது. மணலில் நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் 30 லிட்டருக்குமேல் வேண்டும். இதுவரை எங்களுக்கு இருந்த வழிகள் இரண்டுதான். நெடும்பயணத்துக்கான, 200 கிலோவைத் தாண்டிய பெரிய அட்வென்ச்சர் வண்டியை மணலில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் காட்டுப்பாதைப் பந்தயத்துக்கான சின்ன என்ட்யூரோ வண்டியை வாங்கி, டேங்க், இருக்கை, விளக்கு என்று மாற்றி மாற்றி இன்னொரு வண்டிக்கான பணத்தை அதில் போட வேண்டும். அந்த இடத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். கோவே 450 ராலி, எரிபொருள் இல்லாமல் 145 கிலோ, மூன்று டேங்குகளில் சுமார் 30 லிட்டர், தொழிற்சாலையிலிருந்தே அப்படி வருகிறது. பல நாள் ஓடும் கடுமையான பாலைவனப் பந்தயமான டாக்கர் ராலியில், 2023இல் அந்த நிறுவனம் முதல்முறையாக மூன்று சீன ஓட்டுநர்களை இறக்கியது, மூன்று பேரும் முடித்தார்கள். டாக்கரை முடிப்பதே எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தவர்கள் அன்றைக்கு வாயடைத்துப் போனார்கள். சிஎஃப்மோட்டோவின் 450எம்டி, இரட்டை சிலிண்டர், 21 அங்குல முன்சக்கரம், ஸ்போக் ரிம்மில் டியூப் இல்லாத டயர். நடுத்தர எடையில் இப்படி ஒன்று செய்யுங்கள் என்று பெரிய நிறுவனங்களிடம் வருடக்கணக்கில் கேட்டும் கிடைக்காதது.

"சீனா வண்டியா, தாங்குமா?" என்று கேட்பவர்கள் வண்டி ஓட்டுகிறவர்கள் கூடும் எல்லாச் சந்திப்பிலும் இருக்கிறார்கள். பிஎம்டபிள்யூ எஃப் 850 ஜிஎஸ்ஸின் எஞ்சினைச் செய்தது லோன்சின் என்று நான்தான் அவர்களுக்குச் சொல்வேன். கேடிஎம் 790 அட்வென்ச்சரை ஹாங்சோவில் கட்டினார்கள் என்பதையும் சொல்வேன். எனக்கு யாரும் சம்பளம் கொடுத்து இதைப் பேசச் சொல்லவில்லை. வண்டி நல்ல வண்டி என்று நம்புகிறேன், அதனால் பேசுகிறேன். உங்கள் எஞ்சினியர்கள் சம்பாதித்துக் கொடுத்த இந்த மதிப்பை உங்கள் விற்பனைப் பிரிவு ஒரு தேதியைச் சொல்லாமல் கரைத்துக்கொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் சந்திப்புகளில் "தாங்குமா?" என்று யாரும் கேட்பதில்லை. "வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் மிலானில் மோட்டார் சைக்கிள் கண்காட்சி நடக்கிறது. மேடையில் விளக்கு போட்டு அடுத்த வருட மாடலைக் காட்டுகிறீர்கள். போன வருட மாடலுக்குப் பணம் கட்டிக் காத்திருப்பவன் அந்தப் படத்தைப் பார்க்கிறான். முன் சஸ்பென்ஷன் மாறியிருக்கிறது, திரை மாறியிருக்கிறது. எனக்கு வரப்போவது பழையதா, புதியதா? கேட்டால் பதில் இல்லை. இங்கே வண்டியின் மறுவிற்பனை மதிப்பு அது கட்டப்பட்ட வருடத்தைப் பொறுத்தது. 2024இல் கட்டி, கிடங்கில் கிடந்து, 2026இல் என் கைக்கு வந்தால், முதல் நாளே அது இரண்டு வயது வண்டி.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன். முதலில், வண்டி கட்டப்படும் வரை எனக்கு வரிசையில் ஓர் இடம் வேண்டும். இந்த நாட்டுக்கு இந்தத் தவணையில் இத்தனை வண்டி, அதில் நீ இத்தனையாவது ஆள் என்று சொல்லுங்கள். அப்பாவின் துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். வண்டி கட்டி முடிந்ததும் அதன் சேசிஸ் நம்பரைக் கொடுங்கள், இங்கே வின் என்பார்கள். அந்தப் பதினேழு எழுத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. முதல் எழுத்து எல் என்றால் சீனா. பத்தாவது எழுத்து ஆர் என்றால் 2024 மாடல், எஸ் என்றால் 2025, டி என்றால் 2026. அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டு நானே தேடிப் பார்த்துக்கொள்வேன். யாருக்கும் தொலைபேசியில் தொல்லை கொடுக்கமாட்டேன். கன்டெய்னர் ஏறிய கப்பலின் பெயரைச் சொன்னால், அது எந்தக் கடலில் போகிறது என்பதைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். இது எதற்கும் உங்களுக்குப் புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. இந்தத் தகவல்கள் எல்லாம் உங்கள் சரக்குக் காகிதங்களில் ஏற்கெனவே இருப்பவை.

தேதி தவறினால், தவறியது என்று தவறும் அன்றைக்கே சொல்லுங்கள். சொன்னால் ஆட்கள் முன்பணத்தைத் திரும்பக் கேட்பார்களோ என்று பயப்படுகிறீர்கள் என நினைக்கிறேன். சிலர் கேட்கத்தான் செய்வார்கள். கொடுத்துவிடுங்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 36ஆம் பிரிவு, சொன்ன காலத்துக்குள்ளோ நியாயமான காலத்துக்குள்ளோ பொருளைத் தர முடியாது என்று தெரிந்தே பணம் வாங்குவதைத் தடுக்கிறது. மிரட்டலுக்காக இதை எழுதவில்லை. முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியை ரசீதிலேயே அச்சிட்டுக் கொடுத்தால், பெரும்பாலோர் காத்திருக்கவே செய்வார்கள் என்பதால் எழுதுகிறேன். நானும் காத்திருப்பேன்.

வண்டிக்கு முன்னால் உதிரிபாகம் வரட்டும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் தவணை வண்டிகளை இறக்கி விற்றுவிட்டு, கிளட்ச் லீவருக்கு ஆறு வாரம் காத்திருக்கச் சொன்ன கதை என் நண்பருக்கு நடந்தது. காட்டில் ஓட்டுகிற வண்டி விழும். விழுந்தால் லீவர் உடையும், கியர் பெடல் வளையும், ரேடியேட்டர் இடிபடும். இவையும், ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் தட்டுகள், ஹெட் கேஸ்கெட்டும் கிடங்கில் வந்து அடுக்கப்பட்ட பிறகு முதல் வண்டியை விற்பனைக்கு விடுங்கள். அதற்காக இன்னும் ஒரு மாதம் தாமதமானால் நான் குறை சொல்லமாட்டேன், காரணத்தைச் சொன்னால் போதும். ஒர்க்ஷாப் கையேடு புரிகிற ஆங்கிலத்தில் வரட்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு மெக்கானிக் அதைப் பார்த்து வால்வு இடைவெளியைச் சரிசெய்ய முடிய வேண்டும், அவருக்குச் சோங்சிங்கைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை.

முதல் தவணையில் ஏதாவது கோளாறு கண்டு, அடுத்த தவணையில் பாகத்தை மாற்றினால், முதலில் வாங்கியவனுக்கும் அந்தப் பாகம் போய்ச் சேர வேண்டும். முதலில் பணம் கொடுத்தவன்தான் உங்களை முதலில் நம்பியவன்.

ஆஸ்திரேலியா உங்களுக்குச் சின்னச் சந்தை என்பதை நான் மறுக்கவில்லை. ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நாங்கள் ஒன்றுமில்லை. ஆனால் "நூறு நாளில் இந்த வண்டி என்ன பாடுபடும்" என்று சோதிக்க இதைவிடக் கடுமையான நிலம் உங்களுக்கு எங்கும் கிடைக்காது. மாரி என்ற ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர் கூழாங்கல் பாதையில் எங்கள் ஆட்கள் ஓட்டிவிட்டு எழுதும் ஒவ்வொரு வரியும் உங்கள் எஞ்சினியருக்குக் காசில்லாமல் கிடைக்கும் சோதனை அறிக்கை. எங்களை அந்தக் கண்ணோடும் பாருங்கள்.

இனி என் கணக்கு. சிம்ப்சன் மார்ச் 16 திறக்கும். நாங்கள் மூவரும் மறுபடி 2026 ஜூலைக்குப் பேசி வைத்திருக்கிறோம். அதற்கு முன் வண்டியின் முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, முதல் சர்வீஸ் முடிய வேண்டும். சஸ்பென்ஷனை என் எடைக்குச் சரிசெய்ய வேண்டும். மலைப்பாதைகள் ஜூனில் மூடுவதற்குள் நான்கைந்து வாரயிறுதி அதில் விழுந்து எழ வேண்டும். ஆக ஏப்ரல் தொடக்கத்தில் வண்டி என் கையில் இருந்தாக வேண்டும். சீனப் புத்தாண்டு அடுத்த வருடம் பிப்ரவரி 17. அதற்கு ஒரு வாரம் முன்பே ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், திரும்பி வந்து வேலை சூடுபிடிக்க மார்ச் ஆகிவிடும். எனவே ஜனவரி முடிவதற்குள் அந்தக் கன்டெய்னர் படகில் ஏறியிருக்க வேண்டும். ஏறாது என்றால் அதையும் டிசம்பரிலேயே சொல்லுங்கள். பழைய வண்டியை வாங்கியவர் இங்கே மெல்பர்னில், டான்டினாங்கில்தான் இருக்கிறார். திருப்பிக் கொடுப்பாரா என்று போய்க் கேட்கிறேன்.

என் கராஜில் இடதுபக்கச் சுவரோரம் வண்டிக்கான இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். மகள் தன் சைக்கிளை அங்கே நிறுத்தட்டுமா என்று கேட்டாள். ஜனவரி வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். முன்பண ரசீதின் எண் உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது. அதற்குப் பதிலாக அந்தப் பதினேழு எழுத்தை அனுப்பினால் போதும், வேறு ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
முன்பணம் கட்டிய வாடிக்கையாளன்,
மெல்பர்ன்